புளி போட்டுத் தேய்த்த அரசர்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் இருபத்துநான்கு வயதுவரை ஒரு காசு பயனும் இருந்ததில்லை. புதுச்சேரியில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் அதைப் படித்து முடித்தபோது, எங்கள் தெருவில் அது பூ கட்டத் தெரியும் என்பதற்குச் சமமான தகுதி. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கும்பகோணத்து மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வத்தக்குழம்பு வைக்கத் தெரியுமா என்று விசாரித்தார்கள். மாப்பிள்ளை துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கர். எழுபதுகளின் நடுவில், கல்யாணமான மறுவருஷம், நானும் அஜ்மானுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே வாடகை குறைவு. விடிவதற்குள் ஷேர் டாக்சியில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து என் கணவர் துபாய்க்கு டியூட்டிக்குப் போவார்; பொழுது சாய்ந்த பிறகு, சட்டையெல்லாம் மணலாகத் திரும்பி வருவார். நடுவில் இருக்கும் அத்தனை நேரமும் நானும் ஜன்னல் ஏசியும்தான். அது உறுமும், நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். வேலைக்குப் போக வேண்டும் என்று வந்த கொஞ்ச நாளிலேயே சொல்லிவிட்டேன். "பாக்கலாம்" என்றார் அவர். சரி என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். நானாக அதை "வேண்டாம்" என்று வைத்துக்கொண்டு உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பாத்திரம் துலக்குவது. கடற்காற்றில் அஜ்மானில் எந்தச் செம்பும் ஒரு வாரம் தாங்காது, பச்சை பூத்துவிடும். வெள்ளிக்கிழமை லீவு நாளில் மற்ற ஆண்கள் தூங்குவார்கள். இவர் பனியனோடு குளியலறையில் குந்தி உட்கார்ந்து குத்துவிளக்கு, தண்ணீர்ச் செம்பு, பூஜைத் தட்டு என்று எல்லாவற்றையும் ஊறவைத்த புளியால் தேய்ப்பார். கடற்கரையிலிருந்து அள்ளி வந்த மணலைத் துணியில் சலித்து ஒரு பால் பவுடர் டின்னில் வைத்திருந்தார். கறை விடாப்பிடியாக இருந்தால் அந்த மணலில் ஒரு சிட்டிகை. என்னைத் தொடவே விட மாட்டார். எனக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழே கீழக்கரைக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். பேனா, கைக்கடிகாரம், விளையாட்டுப் போட்டிக் கோப்பைகள் விற்பார். வாங்கியதில் பெயர் பொறித்துக் கொடுக்க ஒரு மெஷினும் வைத்திருந்தார். ஊருக்குப் போன் பேச நான் அந்தக் கடைக்குத்தான் போவேன். ஒருநாள் உள்ளே நுழையும்போதே பாய் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, வெரசா வா. இந்த அம்மா அரைமணி நேரமா என்னமோ சொல்லுறாக, எனக்கு ஒண்ணும் வெளங்கல. இவுக பாசை ஒனக்குத் தெரியும்ல?"

கையில் ஒரு வெள்ளிக் கோப்பையோடு, முகமெல்லாம் சிவந்து ஒரு பிரெஞ்சுப் பெண்மணி நின்றிருந்தார். கோப்பையில் பொறிக்க வேண்டிய பெயரில் ஓர் எழுத்தின் தலையில் சின்னக் கோடு ஒன்று வர வேண்டுமாம். பாய் அதைக் காகிதத்தில் விழுந்த தூசி என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எங்கள் புதுச்சேரி வழக்கப்படி நான் அவரை மதாம் என்று கூப்பிட்டேன்.

மதாமின் கணவர் துறைமுக வேலைக்கு வந்த என்ஜினியர். மதாம் ஷார்ஜாவில் வெளிநாட்டுக் குழந்தைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளியில் பிரெஞ்சு டீச்சராக இருந்தவர் லீவில் போய், திரும்பவில்லை. இடம் காலி. மதாம் அந்தப் பள்ளியில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார். அவருடைய மூதாதை ஒருவர் பிரெஞ்சு அரசருக்குச் செப்புத் தகட்டில் உருவம் செதுக்கியவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி மதாமின் தாத்தா பிரெஞ்சில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டிருந்தார். அதை ஆங்கிலத்தில் எழுதி, கண்காட்சியில் எல்லோர் முன்னாலும் பேச ஓர் ஆள் வேண்டும். மதாமின் ஆங்கிலம் நாலு வார்த்தைக்கு மேல் நகராது.

"தலைமை ஆசிரியை இங்கிலாந்துக்காரி. நீ பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வாள். பிடித்துப்போனால் வேலை உனக்கு" என்றார் மதாம்.

மூன்று மாதம் அந்தப் புத்தகத்தோடுதான் குடித்தனம். பகலெல்லாம் எழுதுவேன். என் கணவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அன்றைக்கு எழுதியதைச் சொல்வேன். அவர் "ம்" என்பார். சாம்பாருக்கும் அதே "ம்"தான். சுவரிடம் சொன்னாலும் எதிரொலியாவது வரும் என்று ஒருநாள் எரிச்சலோடு சொன்னேன். அதற்கும் "ம்" என்றார்.

அந்தச் செதுக்குக்காரர் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பூட்டுச் செய்கிறவரின் மகன். அப்பா செய்த பூட்டுகளில் இலையும் கொடியும் செதுக்கிக் கை பழகி, மீசை அரும்பும் வயதில் கால்நடையாகப் பாரிஸுக்குப் போனார். தேசப்படம் அச்சிடும் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்தது. மூத்தவர்கள் மலையையும் கோட்டையையும் எடுத்துக்கொண்டு, புதிதாக வந்தவருக்குக் கடலைத் தள்ளிவிட்டார்கள். வருஷக்கணக்காக அவர் அலை மட்டுமே செதுக்கினார். அது வீண் போகவில்லை. அந்தக் காலத்துப் பிரபுக்கள் தோள்வரை புரளும் பொய்முடி வைத்துக்கொண்டு திரிந்தவர்கள். அலை அலையாகக் கோடு போட்டுப் பழகிய கையைத் தவிர வேறு யாராலும் அந்த முடியைத் தகட்டில் கொண்டுவர முடியவில்லை. ஒரு பிரபு இன்னொரு பிரபுவிடம் சொல்ல, கடைசியில் அரசரின் முடிக்கும் அவரையே அழைத்தார்கள்.

அதன்பிறகு அரசரின் செதுக்குக்காரர் என்று பட்டம் கிடைத்தது. அரண்மனைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் இருட்டறையும் கிடைத்தது. விளக்குக்கு முன்னால் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி வைத்து, அதன் வழியாக வெளிச்சத்தைத் தகட்டின் மேல் குவித்து வேலை பார்த்தார். எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அச்சில்தான் நேராக வரும். அரசரோ ஓரிடத்தில் உட்கார மாட்டார், வேட்டைக்குப் போய்விடுவார். தகடு முடிகிற நிலைக்கு வந்தபோது அரசருக்குச் சதை போட்டுவிட்டது. கன்னத்தைச் சுரண்டி, தேய்த்துச் சமமாக்கி, அகலமாக்கி மறுபடி செதுக்கினார் மனிதர். அரசரின் கழுத்தைச் சுற்றிய பின்னல் துணி முடிவதற்கு முன்னால் அவர் கண்ணை மூடினார்.

அவருடைய மனைவியைப் பற்றி அந்தத் தாத்தா எழுதியது ஒரே வரி. "அச்சு வேலைகளை மனைவி கவனித்துக்கொண்டார்." அவ்வளவுதான்! செதுக்கிய தகட்டில் மையைத் தேய்த்து, மேலே ஒட்டியதை உள்ளங்கையாலேயே துடைத்து, கோட்டுக்குள் இருப்பது மட்டும் நிற்கும்படி விட்டு, நனைத்த காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தி எடுப்பது சும்மா இல்லை. அந்தக் கை இல்லாவிட்டால் அவர் செதுக்கியதை ஒருவரும் பார்த்திருக்கப் போவதில்லை. அந்தத் தாத்தா உயிரோடு இருந்திருந்தால் நான் நேரிலேயே கேட்டிருப்பேன். என் பேச்சில் அந்த அம்மாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மதாம் அந்த அரசர் தகட்டையே என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூடச் சிலேட் அளவு. கம்பளித் துணியில் பொதிந்திருந்தது. பிரித்தால் தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரிக் கறுப்பு. அடியில் பொறித்திருந்த வரிகளை நான் படித்து எழுத வேண்டும். எழுத்து திரும்பியிருந்ததால் கணவரின் சவரக் கண்ணாடியைப் பிடித்துப் படித்தேன். மங்கலாக ஒரு மூக்கும் முடியும் தெரிந்ததே தவிர, அரசர் இருட்டுக்குள்தான் இருந்தார். இதை நாளைக்கு மதாமிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேஜை மேல் வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். பால்கனி வெயிலில் குத்துவிளக்குக்கும் செம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று கண்ணைக் கூச வைத்தது.

"பாத்தியா, எப்படி இருக்கு?" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுங்க?"

"மதாம் தகடுதான். என்னா கறுப்பு, என்னா கறுப்பு! ரெண்டு தரம் புளி போட்டும் அசையல. அப்புறம் மணல் போட்டேன் பாரு, நம்மூரு செப்பேடெல்லாம் தோத்துப்போச்சு."

காய்கறிப் பை கையிலிருந்து நழுவியது. தக்காளி உருண்டு போனதை அவர்தான் குனிந்து பொறுக்கினார்.

"யாருங்க தேய்க்கச் சொன்னது ஒங்கள?"

"அடுத்தவங்க சாமான வாங்கி வெச்சுகிட்டு அழுக்கோடயா திருப்பிக் குடுக்கறது? நாளைக்கி நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவருடைய ஊரில் அது சட்டம். அண்டை வீட்டுக் கிண்ணம் வந்தால் விளக்கித்தான் திரும்பிப் போகும். எனக்கும் அது தெரியும், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "நான் வேலைக்குப் போகக்கூடாதுன்னுதானே வேணும்னே செஞ்சீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று வற்றிப்போயிற்று. பொறுக்கிய தக்காளிகளை மேஜை மேல் வரிசையாக வைத்தார்.

தகட்டைத் தூக்கிக்கொண்டு பாயிடம் ஓடினேன். அவர் கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கோடெல்லாம் அப்புடியே இருக்கு தங்கச்சி, ஒண்ணும் அழியல. மேலாக்கத்தான் வட்ட வட்டமா கீறல் விழுந்திருக்கு. மச்சான் நல்லா அழுத்தித்தான் தேச்சிருக்காரு போல. கவலப்படாத, நம்ம மெஷின்ல வச்சா அரைநாள்ல பாலீஷ் போட்டுரலாம். மூஞ்சி மங்குனா புதுசா ஒரு மூஞ்சி பொறிச்சிரலாம்."

"ஐயோ பாய், கைய வைக்காதீங்க!" என்று பிடுங்கிக்கொண்டேன்.

அன்று மதியமே ஷார்ஜாவுக்குக் கிளம்பினேன். தானும் வந்து மதாமிடம் சொல்வதாக என் கணவர் சொன்னார். நீங்க வந்தா இன்னும் கெட்டுடும் என்றேன். இருந்தாலும் டாக்சியில் ஏறிக்கொண்டார். மதாம் வீட்டு வாசலில், வெயிலில், டாக்சிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். உள்ளே நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மதாம் தகட்டை ஜன்னலண்டை எடுத்துப் போய் முதுகைக் காட்டியபடி நின்றார்.

"என் தாத்தா தொடவில்லை. என் அம்மா தொடவில்லை. நானும் தொட்டதில்லை" என்றார். பிறகு, "இப்போது நீ போ" என்றார்.

வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஏசி மட்டும்தான் பேசியது. அவர் அடுத்த வெள்ளிக்கிழமை பாத்திரம் எதையும் தொடவில்லை. பச்சை பூத்துக் கிடந்த செம்பைப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது. வேணும்னே செய்கிற மனிதர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. மதாம் படியேறி வந்தார்.

"எனக்குக் கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் அந்தப் பின்னல் துணியை நான் இதுவரை பார்த்ததே இல்லை. எங்கள் குடும்பத்தில் நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது வெறும் கறுப்பைத்தான். இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அதை அச்செடுத்துப் பார்க்க வேண்டும். உன் கணவரைக் கூப்பிடு, கை வலிமை உள்ள ஆள் வேண்டும்."

இருவரும் போனோம். அச்சு உருளைக்கு எங்கே போவது? மதாம் வீட்டில் துணி பிழிய இரண்டு ரப்பர் உருளைகளும் கைப்பிடியும் வைத்த பழைய வாஷிங் மெஷின் ஒன்று இருந்தது. அவருடைய கறுப்பு எண்ணெய்ச் சாயத்தைத் தகட்டில் தேய்த்தோம். அந்தச் செதுக்குக்காரரின் மனைவியை நினைத்துக்கொண்டு உள்ளங்கையால் நான்தான் துடைத்தேன். நனைத்த காகிதம், மேலே கம்பளித் துண்டு, எல்லாவற்றையும் உருளைக்கு நடுவில் கொடுக்க, என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். முதல் தாள் வெறும் கறுப்புச் சேறு. அடுத்தது வெளுத்துப்போய் வந்தது. சாயத்தைக் குறைத்து, உருளையின் திருகை இறுக்கி, மறுபடி சுற்றினார். காகிதத்தை மெல்ல உரித்தபோது அரசர் வந்துவிட்டார். புரளும் முடி, சதை போட்ட கன்னம், பாதியில் நின்ற பின்னல் துணி. கன்னத்தின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் மெல்லிய வட்டங்கள் தெரிந்தன. மதாம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்காட்சி அன்று மதாம் என்னை ஓரமாக இழுத்து, "தலைமை ஆசிரியை அந்த வட்டங்களைப் பற்றிக் கேட்டால் தகட்டுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிடு. புளிக் கதை வேண்டாம். அவள் சிரிக்க மாட்டாள்" என்றார். நான் சரி என்றேன். எனக்கு வேலை வேண்டும்.

பேச்சு நன்றாகவே போயிற்று. முதல் இரண்டு நிமிஷம் தாளைப் பார்த்தே படித்தேன், பிறகு அலையும் பொய்முடியும் வந்ததும் கூட்டம் சிரித்தது, நானும் தாளை மறந்துபோனேன். முடிந்ததும் தலைமை ஆசிரியை நேராக அந்த அச்சுத்தாளின் முன்னால் போய் நின்று, சங்கிலியில் தொங்கிய மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். உயரமான, சிரிப்பே வராத அம்மாள்.

"கன்னத்தில் இந்த வட்டங்கள் என்ன? அவர் செதுக்கியவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. ஆபீஸில் மேனேஜர் கூப்பிட்டால்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத என் கணவர், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு எழுந்து வந்தார்.

"அது நான் செய்தது, மேடம்" என்றார் ஆங்கிலத்தில். "இவள் வீட்டில் இல்லாதபோது புளியும் மணலும் போட்டுத் தேய்த்துவிட்டேன். இவள் மேல் தப்பில்லை."

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை. மேஜை மேலிருந்த தகட்டைக் காட்டி, கோட்டுக்குள் மை எப்படி நிற்கும், மேலே இருப்பதை உள்ளங்கையால் ஏன் துடைக்க வேண்டும், தன் கீறலுக்குள் மை தங்கியதால்தான் வட்டம் விழுந்தது என்று விளக்க ஆரம்பித்தார். எழுத்து ஏன் திரும்பியிருக்கிறது என்று சொன்னார். தண்ணீர்க் குடுவையைச் சொன்னார். அரசருக்குச் சதை போட்ட கன்னம் எங்கே சுரண்டப்பட்டது என்று விரல் வைத்துக் காட்டினார். செதுக்கியவரின் மனைவியின் வேலைதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறார்கள், அது அநியாயம் என்றும் சொன்னார். அது அப்படியே என் வாக்கியம். சாதத்தைப் பிசைந்துகொண்டு அவர் "ம்" போட்ட நாளில் நான் சொன்னது.

"நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றார் தலைமை ஆசிரியை.

"கணக்கு எழுதுகிறேன், மேடம்."

"இதெல்லாம் எங்கே படித்தீர்கள்?"

"வீட்டில்தான். இவள் சொல்லிக்கொடுத்தாள். தினம் சாயங்காலம்."

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மதாம் சொன்னது சரிதான், அவர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை காலையில் வந்துவிட முடியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

அஜ்மானுக்குத் திரும்பும் ஷேர் டாக்சியில் எங்களுக்குப் பின்சீட்டில் ஆளுக்கோர் ஓரம் கிடைத்தது. நடுவில் பட்டாணியர் ஒருவர் அரிசி மூட்டையோடு உட்கார்ந்திருந்ததால் கையைக்கூடப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. மன்னிச்சுக்குங்க, அன்னைக்கி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அந்த மூட்டைக்கு மேலாகவே சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஷார்ஜா எல்லை தாண்டிய பிறகு திரும்பினார்.

"சனிக்கெழம காலையில டாக்சிக்கு ரெண்டு சீட்டு சொல்லி வெக்கணும்" என்றார். "நீ ஜன்னலோரம் ஒக்காந்துக்க."